மூடு பார்த்தல்

2024 மாசியில் எங்கள் 18-ம் நம்பர் எலுமிச்சை மரம் பூத்த பூவை போட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கிளை தெரியாத வெள்ளை. வாசம் கிணற்றடி வரைக்கும் வந்தது. "அப்பா இருந்திருந்தா தரையில நின்னிருக்க மாட்டாரு" என்று அக்கா பதில் போட்டாள். அந்தப் புரட்டாசியில் அதே மரத்தை வெட்டி விறகாக்கினோம்.

சாகப்போகிற எலுமிச்சை அப்படிக் கொட்டிப் பூக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அடிப்பட்டை அழுகிவிட்டால் இலையில் தயாராகிற சாப்பாடு வேருக்கு இறங்க வழி கிடையாது. மேலேயே தேங்கும். மரம் அதையெல்லாம் பூவிலும் பிஞ்சிலும் கொண்டுபோய்க் கொட்டும். கீழே வேர் பட்டினி கிடக்கும். பிஞ்சும் எக்கச்சக்கமாகத்தான் பிடித்தது. கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் அப்படியே நின்றது. ஆடியில் இலைகள் நடுநரம்பு மஞ்சளித்து உதிர ஆரம்பித்தன. நான் கவலைப்பட ஆரம்பித்ததே அப்போதுதான்.

நான் நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். தோட்டம் தடிக்காரன்கோணம் பக்கம், 70 சென்ட். ரப்பர் நின்ற இடத்தை அப்பா 2009-ல் மாற்றி நாட்டு எலுமிச்சை 42 மூடு வைத்தார். அவர் போன பிறகு நான் ஆசைப்பட்டு வாங்கி வைத்தது சாத்துக்குடி 6. இன்று அவற்றில் நிற்பவை எலுமிச்சை 29, சாத்துக்குடி 2. குறைந்ததில் இரண்டு எலுமிச்சை ஒக்கி புயலோடு போனவை. 2017 நவம்பர் 30 காலையில் இந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டத்தில்தான் மரம் சாயவில்லை. மீதியெல்லாம் நின்ற இடத்திலேயே மெலிந்து போனவை. அந்தக் கணக்கைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூடு என்றால் எங்கள் ஊரில் மரத்தின் அடி. மரத்தை எண்ணுவதும் மூட்டுக் கணக்கில்தான்: நாலு மூடு தென்னை, பத்து மூடு வாழை. எலுமிச்சையை அப்பா கடைசி வரைக்கும் நாரங்கா என்றே சொன்னார். நான் வீட்டில் நாரங்கா, வடசேரி சந்தையில் எலுமிச்சை.

ஆடியில் இலை மஞ்சளித்ததும் நான் செய்த முதல் காரியம், நாலு இலையைக் கவரில் போட்டுக்கொண்டு பூச்சிமருந்துக் கடைக்குப் போனது. கடைக்காரர் இலையை ஒரு திருப்புத் திருப்பினார். "பங்கஸ் இருக்கும்மா, சத்துக் குறைவும் இருக்கு" என்று கார்பன்டசிம் என்கிற பூஞ்சைமருந்து ஒரு பாக்கெட்டும் நுண்ணூட்ட டானிக் ஒரு பாட்டிலும் எடுத்து வைத்தார். 1,400 ரூபாய் சில்லறை. என் கடைக்கு தினமும் பத்துப் பேராவது வந்து "அசதியா கெடக்கு, நல்ல டானிக்கா ஒண்ணு எடு" என்பார்கள். முதலில் ரத்தம் பாருங்கள், சுகர் பாருங்கள் என்று நான் உபதேசம் செய்வேன். சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டால் கோபப்படுவேன். அப்படிப்பட்ட நான் ஒரு கேள்வி கேட்காமல் பில்லைக் கட்டிவிட்டு வந்தேன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றால் எல்லாரும் ஒன்றுதான்.

இரண்டு தடவை அடித்தோம். இலை இன்னும் வேகமாக உதிர்ந்தது.

பக்கத்து விளையில் காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பத்து மணிக்கு மேல் எங்கள் தோட்டத்து வேலைக்கு வருகிற மாமா ஒருவர் உண்டு. அப்பா காலத்து ஆள், சொந்தமில்லை, ஆனால் மாமாதான். மூன்றாவது தடவை மருந்து கலக்கும்போது அவர் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டாமல் நின்றார்.

"மக்களே, நீ என்னத்துக்கு மேலயே பாத்துட்டு நிக்க? மூட்ட பாத்தியா?"

"மூட்டுக்கு என்ன மாமா, போன ஐப்பசியிலதான மண்ணு அணைச்சோம்."

"அதான் கேக்கேன்."

குந்தி உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தள்ளினார். தண்டைச் சுற்றி முக்கால் அடிக்கு மண் ஏறியிருந்தது. அதற்குக் கீழே பட்டை கறுத்து, ஈரமாக, விரலால் அழுத்தினால் உள்ளே போனது. புளித்த வாடை வந்தது. கத்தி நுனியால் சுரண்டினால் உள்பட்டை காப்பிப் பொடி நிறம். தண்டின் சுற்றளவில் முக்கால்வாசி அப்படி. மிச்சம் கால்வாசிப் பட்டையில்தான் அந்த மரம் அவ்வளவு பூவும் பூத்திருக்கிறது.

அந்த மண்ணைப் போட்டது யார்? நாங்கள்தான். தென்னைக்குத் தடம் எடுத்து, தழையும் சாணமும் போட்டு மூடுவோம். வாழைக்கு மண் அணைப்போம். இந்த ஊரில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எவரும் மரத்துக்குச் செய்கிற மரியாதை அது. தென்னை தூரிலிருந்து புது வேர் விடும், வாழைக்குக் கிழங்கே மண்ணுக்குள். அவற்றுக்கு அணைத்தால் நல்லது. நாரங்காவின் அடிப்பட்டை அப்படிப்பட்டதில்லை. அதற்குக் காற்று வேண்டும், மழை விட்டதும் காய வேண்டும். நாங்கள் பாசத்தோடு போர்வை போர்த்தி அழுக வைத்தோம். வருஷக்கணக்காக அப்பாவும் அணைத்தார், ஒன்றும் ஆகவில்லையே என்று முதலில் வாதாடிப் பார்த்தேன். அப்பா அணைத்தது ஒரு பிடி. அவர் போன பிறகு ஆள் கூலி கொடுத்து, "நல்லா அணைங்க" என்று சொல்லி அணைக்க வைத்தது நான்.

அதோடு 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கிய அந்த மழைதான். இங்கேயும் விடாமல் பெய்தது. தோட்டத்தின் கீழ்வரிசையில் வெள்ளம் மூன்று நாள் வடியவில்லை. 18 நின்றது அந்த வரிசையில்.

அழுகலுக்குக் காரணம் ஃபைட்டாப்தோரா. கிரேக்கத்தில் செடியை அழிப்பது என்று அர்த்தம். 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே குடும்பத்து ஆள். ரப்பர்க்காரர்களுக்கு இதை நன்றாகத் தெரியும். ஆனி ஆடி மழையில் ரப்பர் இலை மொத்தமாக உதிர்வதும் இந்த வகைதான். பூஞ்சை என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, இது உண்மையான பூஞ்சை இல்லை, பாசிக்குக் கிட்டத்துச் சொந்தம். இதன் வித்துகளுக்கு வால் உண்டு, தேங்கின தண்ணீரில் நீந்திப் போய் வேரையும் பட்டையையும் பிடிக்கும். அதனால்தான் கார்பன்டசிம் இதை ஒன்றும் செய்யாது. அந்த மருந்து வேலை செய்கிற இடமே இதன் உடம்பில் வேறு மாதிரி. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிற கதை. 1,400 ரூபாய் கொடுத்து அந்தக் கதையில் நான் நடித்திருக்கிறேன்.

பட்டை அழுகும்போது பிசின் வடியும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, நான் ஏன் பார்க்கவில்லை என்று யோசித்தேன். எலுமிச்சைப் பிசின் தண்ணீரில் கரையும். மழையில் கழுவிப் போய்விடும். நோய் பரவுகிற காலத்தில் அடையாளம் இருக்காது. வெயில் வந்து பிசின் கெட்டியாகத் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். இரண்டு பருவமழையும் வாங்குகிற நமக்கு அந்த வெயில் வருவதே தை மாசியில்தான்.

அன்றைக்கே எல்லா மூடும் தோண்டிப் பார்த்தோம். 18 போக இன்னும் 11 மரத்தில் அழுகல். மூன்றுக்கு ஆரம்பம், மூன்றுக்கு பாதிச் சுற்று, ஐந்துக்குப் பாதிக்கும் மேல். பாதிக்கு மேல் வளைத்திருந்தால் வெட்டிவிடலாம் என்பது மாமா கட்சி. எனக்கு மனசு வரவில்லை. 31-ம் நம்பருக்கு மட்டும் மருந்துச் செலவு நானே தனியாக எழுதி வைத்துக்கொண்டு ஒரு வருஷம் பார்த்தேன். செத்துத்தான் போனது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது. பாதிச் சுற்று மரங்களில் 7-ம் நம்பரை நாங்கள் இருவருமே கைவிட்டிருந்தோம், அது இப்போது துளிர் விட்டு நிற்கிறது. மற்ற இரண்டில் ஒன்று 2025 இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில் போனது. ஆரம்ப நிலையில் இருந்த மூன்றில் இரண்டு பிழைத்தன, ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் வேரெல்லாம் ஏற்கெனவே போயிருந்தது, மேலே தெரியவில்லை. இந்தப் பதினொன்றில் மொத்தமாகப் போனது 7. 18-ஐயும் சேர்த்தால் 8.

செய்த வைத்தியத்தை அப்படியே எழுதுகிறேன். அடியில் மண்ணை வாரி எடுத்து, முதல் பக்கவேர் பிரிகிற இடம் வெளியே தெரிய வைத்தோம். அந்த வேரின் தோள் வெயில் பார்க்க வேண்டும். அழுகின பட்டையை, ஓரத்தில் பச்சைப்பட்டை கொஞ்சம் சேர்த்தே, செதுக்கி எடுத்தோம். செதுக்கினதைக் கீழே விடாமல் சாக்கில் பிடித்து எரித்தோம். காயத்தை ஒரு சதவீத பொட்டாசியம் பெர்மாங்கனேட் தண்ணீரில் கழுவினேன். கடையிலிருந்து கொண்டுபோன பொட்டலம், என் வேலைக்கு ஒரு பிரயோஜனம். காய்ந்த பிறகு போர்டோ பசை. வேர்ப்பகுதிக்கு மெட்டலாக்சிலும் மேன்கோசெப்பும் சேர்ந்த மருந்து, லிட்டருக்கு 2.75 கிராம் கரைத்து ஊற்றினோம். என் கடை மருந்து மாதிரி தோட்டத்து மருந்துக்கும் எந்த நோய்க்கு எது என்று தெரிய வேண்டும் என்பது இப்போது புரிகிறது: பெயர் இரண்டும் பாக்கெட்டில் பெரிய எழுத்தில்தான் இருக்கிறது.

போர்டோ பசை கலக்க எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, மாமா இருந்தார். மயில்துத்தம், எங்கள் பேச்சில் துரிசு, 1 கிலோ 5 லிட்டர் தண்ணீரில். சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ நீற்றி இன்னொரு 5 லிட்டரில். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு கூடாது. துரிசுத் தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் திரியும். கலந்ததும் தேய்த்த பழைய கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால், கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துரிசு மிச்சம் நிற்கிறது, பட்டையைச் சுடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. படியாவிட்டால் சரி. லிட்மஸ் தாள் கொண்டுவந்திருந்தேன். மாமாவின் கத்தி அதைவிட வேகமாகப் பதில் சொன்னது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்க்க வேண்டும். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பூச வேண்டும். மழைத்துளி மண்ணைத் தெறித்துவிடுகிற உயரம் அது.

புத்தகத்தில் மழைக்கு முன்னும் பின்னும் ஒரு தடவை என்று போட்டிருப்பார்கள். அது ஒரு மழை வாங்குகிற ஊருக்கு. நமக்கு இடவப்பாதிக்கு முன்னால், வைகாசி முதல் வாரம் ஒன்று. ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒன்று. நடுவில் சாரல் விடாத வருஷம் என்றால் ஆவணியில் கழுவிப்போன இடத்தைத் தொட்டுப் பூசிவிடுகிறோம்.

பசையைவிடப் பலன் தந்தது மண்வெட்டி வேலைதான் என்று நினைக்கிறேன். கீழ்வரிசைக்குப் பின்னால் இரண்டடி ஆழ வாய்க்கால் வெட்டி ஓடைக்கு வழி விட்டோம். பாத்தியை இரட்டை வரப்பாக்கினோம்: தண்டிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு சின்ன உள்வட்ட வரப்பு, தண்ணீரும் உரமும் அதற்கு வெளியே. உள்வட்டம் எப்போதும் காய்ந்து கிடக்கும். இதற்கு மருந்துக்கடை வேண்டாம், இரண்டு ஆள் கூலி போதும். யாரும் இதை விற்பதில்லை, அதனால் யாரும் இதைச் சொல்வதும் இல்லை.

இனி மூடு சுத்தமாக இருந்தும் மெலிந்த மூன்று மரங்கள். 5, 12, 40. தோண்டினோம், பட்டை பச்சை, வாடை இல்லை. ஆனாலும் நுனிக்கிளை காய்ந்துகொண்டே வந்தது. இளம் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சின்ன நரம்புகள் துண்டு துண்டாகக் கண்ணாடி மாதிரித் தெரிந்தன. வெட்டின கிளையில் பட்டையை உரித்தால் உள்ளே கட்டையில் ஊசியால் குத்தினது போல நீளக் குழிகள். ட்ரிஸ்டிசா வைரஸின் அடையாளம் இரண்டும். போர்த்துகீசிய மொழியில் சோகம் என்று பொருள். 1930-களில் தென் அமெரிக்காவில் புளிப்பு ஆரஞ்சு வேரில் ஒட்டின மரங்கள் லட்சக்கணக்கில் வாடினபோது வைத்த பெயர். கறுப்பு அசுவினி துளிரில் உட்கார்ந்து ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். வந்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது. வெட்டிவிட்டோம். நல்லவேளை, நாட்டு எலுமிச்சை விதையில் இந்த வைரஸ் இறங்காது, அதனால் என் நாற்றுகள் எல்லாம் சொந்த விதை. துளிர் வரும்போது வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அடிக்கிறேன். அது அசுவினிக்கும், இலையில் கோலம் போடுகிற இலைத்துளைப்பானுக்கும்.

சாத்துக்குடி என் சொந்த முட்டாள்தனம். திருவிழாக் கூட்டத்தில் வண்டியில் வைத்து விற்ற ஒட்டுக் கன்றுகள், ஒன்று 80 ரூபாய். ஒட்டுக்கட்டு தரைக்கு மேல் அரையடியாவது நிற்க வேண்டும். நான் ஆழக் குழி வெட்டி ஒட்டோடு சேர்த்துப் புதைத்தேன். இரண்டு அழுகிப் போயின. இன்னும் இரண்டில் இலை திட்டுத்திட்டாக மஞ்சள், காய் ஒரு பக்கம் கோணி, பழுத்தும் அடி பச்சையாக நின்றது. பச்சைப்பழ நோய் என்கிற கிரீனிங். ஃப்ளோரிடாவில் 2003-04-ல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2005-ல் இந்த நோய் அங்கே தெரிந்தது. புயல்களும் சேர, 2023-24-ல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே போனது. என் இரண்டு கன்றைப் பிடுங்கி எரிக்க எனக்கு அந்தக் கணக்கு போதுமாக இருந்தது. இதைப் பரப்புகிற சில்லிட் பூச்சி கறிவேப்பிலையிலும் முட்டையிட்டு வளரும். கிணற்றடியில் அம்மா வைத்த கறிவேப்பிலை இரண்டு மூடு நின்றது. ஒன்றை எடுத்துவிட்டேன், ஒன்றை அம்மா விடவில்லை. மாதம் ஒரு தடவை அதன் துளிரை நான் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக ஒப்பந்தம். அதில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு, காக்கா எச்சம் போல வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கும். அதை நான் ஒன்றும் செய்வதில்லை.

டானிக் விற்ற கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். மேட்டுப்பக்க மரங்களில் இலை சின்னதாக, ஒடுங்கி, நரம்பு மட்டும் பச்சையாக இடையில் மஞ்சளாக இருந்தது. அது துத்தநாகக் குறை. மண்ணைத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். எங்கள் சரள் மண் புளிப்பு, கார அமில அளவு 5.2. துத்தநாக சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், அதில் பாதிச் சுண்ணாம்பு சேர்த்து, புதுத்துளிர் வரும்போது வருஷம் மூன்று தடவை. சத்துக் குறைக்கும் கிரீனிங்குக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு சின்ன வழி: இலையை நடுநரம்பில் இரண்டாக மடியுங்கள். மஞ்சள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பொருந்தினால் சத்துக் குறை. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி என்றால் பயப்படுங்கள்.

சின்ன வேரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். தோல் உருவி வெறும் நூல் மட்டும் கையில் வந்தால் அழுகல். கழுவியும் மண் போகாமல் வேர் அழுக்காக ஒட்டிக்கொண்டிருந்தால் நூற்புழு. அது விடுகிற பிசுபிசுப்பில் மண் ஒட்டும். எங்களுக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது.

வெட்டின குழிகளில் உடனே நாரங்கா நடவில்லை. அந்த மண்ணில் வித்து கிடக்கும். வேரைத் தோண்டி எடுத்து, பங்குனி சித்திரை வெயிலில் திறந்து போட்டு, கேந்தி, அதாவது செண்டுமல்லி, நட்டோம். நூற்புழுவுக்கு அது ஆகாது. புது நாற்றுகள் மேட்டு வரிசையில், தரைக்கு ஒரு அடி உயர்த்தின மண் மேடையில் நிற்கின்றன, பதினொன்று. மாமா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் செருப்புக் காலால் தண்டை ஒட்டின மண்ணைத் தள்ளிவிட்டுத்தான் போவார். அணைக்கச் சொன்ன என்னைப் பார்த்துக்கொண்டே செய்வார்.

அக்கா ஓணத்துக்கு முந்தின வாரம் வந்தாள். அடியில் நீலவெள்ளைப் பசை பூசி வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்து, "என்னட்டீ, எல்லாத்துக்கும் சாக்ஸ் மாட்டி விட்டிருக்க" என்றாள். பிறகு 18 நின்ற இடம் எது என்று கேட்டாள். காட்டினேன். அத்தப்பூவுக்காகத் தோவாளைப் பூச்சந்தையில் விலை ஏறியிருந்த நேரம்; அந்தக் குழிகளில் பறித்த கேந்தி 11 கிலோ, சாக்கில் கட்டிக் கிணற்றடியில் இருந்தது. பஸ்ஸில் கொண்டுபோக ஒரு கை பிடி என்று அவளிடம் சொன்னேன்.